வெயில் கொட்டுற மாடியில் தக்காளி வாடுது, கீரை மட்டும் தழைக்குதே, ஏன்?

கேள்வி: திருவொற்றியூரில் மாடித் தோட்டம். நாள் முழுக்க வெயில். சித்திரையில் தக்காளியும் கத்தரியும் சோர்ந்து நிற்கின்றன. தண்டுக்கீரை மட்டும் செழிப்பாக இருக்கிறது. வெயில்தானே செடிக்குச் சாப்பாடு?

பதில்: வெயில் அடுப்பு மட்டும்தான். அரிசி, காற்றிலுள்ள கரியமில வாயு. உங்கள் மாடியில் தீ குறையவில்லை, அரிசிதான் உள்ளே போகவில்லை.

இலைக்குள் இரண்டு கட்டமாக வேலை நடக்கிறது. முதலில், பச்சையம் ஒளியை வாங்கித் தண்ணீரைப் பிளக்கிறது. ஆக்சிஜன் வெளியேறுகிறது (அது தண்ணீரிலிருந்து வருவது என்பதை 1941இல் ரூபன், கேமன் என்ற விஞ்ஞானிகள் கன ஆக்சிஜன் கலந்த நீரை வைத்துக் காட்டினார்கள்). கிடைத்த ஆற்றல் ஏடிபி, என்ஏடிபிஎச் என்ற இரு மூலக்கூறுகளில் ஏறுகிறது. இவற்றைச் சேர்த்து வைக்க முடியாது, உடனே செலவாகிவிடும். சேமிப்பு அடுத்த கட்டத்தில்தான். ரூபிஸ்கோ என்ற நொதி கரியமில வாயுவைப் பிடிக்க, கால்வின் சுழற்சி என்ற வேதிவினைத் தொடரில் சர்க்கரை உருவாகிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு 6 கரியமில வாயு, 18 ஏடிபி, 12 என்ஏடிபிஎச் மூலக்கூறுகள் வேண்டும். அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கு சுக்ரோஸாகி வேருக்கும் காய்க்கும் போகும். மிச்சம், பச்சையம் இருக்கும் பசுங்கணிகம் என்ற நுண்ணுறுப்பிலேயே மாவுச்சத்தாகத் தங்கும். செடி இரவில் அதைக் கரைத்துச் செலவழிக்கும்.

காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம்தான். அது நுழைய இலைத்துளை திறந்திருக்க வேண்டும். திறந்தால் தண்ணீர் ஆவியாகி வெளியேறும். பதினோரு மணிக்கு மேல் சிமெண்ட் தளம் கொதிக்கும்போது, வேர் அனுப்பும் தண்ணீர் போதாமல் செடி துளையை மூடிக்கொள்கிறது. உள்ளே கரியமில வாயு குறைகிறது, சூடு ஏறுகிறது. அப்போது ரூபிஸ்கோ ஆக்சிஜனை அதிகமாகப் பிடிக்கத் தொடங்கும். ஏற்கெனவே சேர்ந்த கார்பனில் ஒரு பகுதி திரும்ப வெளியே போய்விடும். இதுதான் ஒளிச்சுவாசம். செலவழிக்க வழியில்லாத ஒளி பச்சையத்தையே கெடுப்பதால் இலை வெளுக்கிறது.

தண்டுக்கீரை சி4 எனப்படும் வகை. நரம்பைச் சுற்றியுள்ள உறைச் செல்களுக்குள் கரியமில வாயுவை அடர்த்தியாக்கி ரூபிஸ்கோவுக்குக் கொடுக்கும். துளை பாதி மூடியிருந்தாலும் வேலை ஓடும். கரும்பும் மக்காச்சோளமும் இப்படித்தான். இதற்குக் கூடுதல் ஏடிபி செலவாகும், ஆகவே கீரையை நிழலில் வைத்தால் அந்த லாபம் போய்விடும். பிரண்டை இன்னும் ஒரு படி மேலே: இரவில் துளை திறந்து கரியமில வாயுவை மாலிக் அமிலமாக வைத்துக்கொண்டு, பகலில் துளையை மூடியபடியே சர்க்கரை செய்யும்.

சித்திரை முதல் ஆனி வரை தக்காளி, கத்தரிக்கு மேல் 50 சதவீத ஷேடு நெட் கட்டுங்கள். பட்டினி போடுகிறோமோ என்று தயங்க வேண்டாம். தக்காளி, கத்தரி போன்ற செடியின் இலைக்கு முழு வெயிலில் பாதி வந்தாலே ஏறக்குறைய போதும். செடிப் பையைத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் வையுங்கள், மண்ணின் மேல் காய்ந்த சருகு போடுங்கள். காலையிலேயே அடியில் வழியும் வரை தண்ணீர் ஊற்றுங்கள். கடலோரத்தில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. உப்பு ஏறிய மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. மெட்ரோ வாட்டரோ சேமித்த மழைநீரோ நல்லது.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி கிளப்பும் தூசியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அது ஒளியை மறைப்பதோடு துளையையும் அடைக்கும். மூன்று நாளுக்கு ஒரு முறை காலையில் இலையின் மேலும் கீழும் மெல்லத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். இரவில் கழுவினால் ஈரம் காயாமல் பூஞ்சை பிடிக்கும்.

தக்காளிப் பூ உதிர்வதற்கு வேறு காரணமும் உண்டு. பகலில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப்போகும். இரவும் வெக்கையாக இருந்தால் செடியின் சுவாசம் கூடி, சேமித்த மாவு வேகமாகக் கரையும். இதற்கு நிழலோ தண்ணீரோ முழுத் தீர்வாகாது. ஆடிப்பட்டத்தில் விதைத்தால் பூக்கும் சமயம் சூடு தணிந்திருக்கும்.

சேமிப்பு நடக்கிறதா என்று சோதிக்கலாம். மாலை நாலு மணிக்குத் தூசி படிந்த கத்தரி இலை ஒன்று, தொடர்ந்து கழுவி வந்த இலை ஒன்று பறியுங்கள். ஒரு நிமிடம் கொதிநீரில் போட்டு எடுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு, சர்ஜிகல் ஸ்பிரிட் ஊற்றிய டம்ளரில் இலைகளைப் போட்டு, அந்த டம்ளரைச் சுடுநீரில் வையுங்கள். ஸ்பிரிட் தீப்பிடிக்கும், பக்கத்தில் நெருப்பு கூடாது. பச்சை நிறம் போனதும் வெந்நீரில் அலசி, ஒரு பங்கு பெட்டாடினில் (அயோடின் உள்ள காய மருந்து) பத்துப் பங்கு தண்ணீர் கலந்து சொட்டுங்கள். கருநீலம் ஏறினால் மாவுச்சத்து இருக்கிறது. பழுப்பாகவே நின்றால் இல்லை. வெங்காயத் தாளில் இதைச் செய்து பார்க்காதீர்கள். அது மாவாகச் சேர்க்காமல் சர்க்கரையாகவே வைத்துக்கொள்ளும், நிறம் மாறாது.