சுண்டிப் பார்ப்பது

அன்புள்ள அக்கா,

டொரொன்டோவிலிருந்து எழுதுகிறேன். போன வாரம் மனைவியின் அலுவலகத் தோழி இரண்டு டிக்கெட் கொடுத்ததால் ஒரு சேம்பர் இசைக் கச்சேரிக்கு, சில பேர் மட்டும் சேர்ந்து வாசிக்கும் மேற்கத்திய இசைக்குப் போனோம். கல்லூரி ஒன்றின் சின்ன அரங்கம். வயலின், செல்லோ என்று நினைத்துக்கொண்டு போனால் மேடை முழுக்கத் தட்டுகிற சாமான்கள். முதலில், மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கிக் கோலால் தட்டுகிற மரிம்பா இரண்டில் ஸ்டீவ் ரைஷின் 'நகோயா மரிம்பாஸ்', அடுத்து கெய்கோ அபேயின் 'மிச்சி', பிறகு நாலு பேர் தகர டப்பாவும் சங்குமாக ஜான் கேஜின் 'தேர்ட் கன்ஸ்ட்ரக்ஷன்'. இடைவேளைக்குப் பிறகு பார்டோக்கின் இரண்டு பியானோ, தாளவாத்திய சொனாட்டா.

மரிம்பா காதுக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனால் மெட்டு எங்கே என்று கடைசிவரை பிடிபடவில்லை. டப்பா தட்டுவதெல்லாம் சங்கீதமா என்றும் தோன்றியது. பார்டோக்கில் முதல் பகுதி முடிந்ததும் கை தட்டிவிட்டேன், முழுக்க முடிந்த பிறகுதான் தட்ட வேண்டுமாம். நாலைந்து தலைகள் திரும்பின, மனைவி இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். உண்மையைச் சொன்னால், நம் மிருதங்கத்துக்கும் ஜலதரங்கத்துக்கும் முன்னால் இதெல்லாம் எம்மாத்திரம் என்ற நினைப்போடுதான் வீடு திரும்பினேன். இந்த மாதிரி இசையை எப்படிக் கேட்பது? போவதற்கு முன் எதையாவது படித்துவிட்டுப் போக வேண்டுமா?

பிரபு

அன்புள்ள பிரபு,

கை தட்டியதை விடுங்கள். 1778இல் பாரிசில் தன் சிம்பொனி அரங்கேறியபோது, ஒரு பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போதே கூட்டம் கை தட்டியதை மோட்சார்ட் தன் அப்பாவுக்குக் குஷியாகக் கடிதம் எழுதியிருக்கிறார். திரும்பிப் பார்த்த தலைகளை அவரிடம் அனுப்பிவையுங்கள். வீட்டுக்காரம்மாவிடமும் சொல்லுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் தண்ணீர்ப் பானை வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண், முப்பது வயது இருக்கும், போனில் பேசிக்கொண்டே ஒரு பானையைக் காட்டி விலை கேட்டாள், ஸ்கேன் செய்து பணம் போட்டாள், தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சுண்டிப் பார்க்கவே இல்லை. எனக்கு மனசு பொறுக்கவில்லை. விற்கிற அம்மாவிடம் கேட்டேன். "இப்ப யாரு தட்டிப் பாக்குறா? வண்டிய விட்டு எறங்காமயே வாங்கிட்டுப் போறாங்க" என்றார். அதையே அசைபோட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தால் உங்கள் கடிதம்.

எங்களுக்கு மானாமதுரைப் பக்கம். பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது அப்பத்தா பானை வாங்க என்னையும் கூட்டிப்போவாள். வேளார் வீட்டு வாசலில் பானைகள் கவிழ்த்துக் கிடக்கும். அப்பத்தா ஒன்றை நிமிர்த்தி, இடது கை விரல் மூன்றைக் கழுத்துக்குள் கொடுத்து உயர்த்துவாள். பானை வேறு எதிலும் படாமல் அந்தரத்தில் தொங்கும். வலது கை நடுவிரல் முட்டியால் வயிற்றில் ஒரு தட்டு, அடியில் ஒரு தட்டு, கழுத்துக்குக் கீழே ஒரு தட்டு. தட்டும்போது பானையைப் பார்க்கமாட்டாள். கண் எங்கேயோ கண்மாய்ப் பக்கம் இருக்கும். கணீரென்று வந்து சத்தம் கொஞ்சம் நின்றால் அந்தப் பானை அவள் காலடிக்கு வரும். சொத்தென்று வந்தால் திரும்பக் கவிழ்த்துவிடுவாள், சரியாக வேகாதது. சிலது கணீரென்று ஆரம்பித்து முடியும்போது கரகரக்கும். "மயிரு ஓடியிருக்கு" என்பாள். கண்ணுக்குத் தெரியாத விரிசல். எனக்கு அந்தக் கரகரப்பு கேட்க இரண்டு பொங்கல் ஆயிற்று. இருபது பானை தட்டி இரண்டு எடுப்பாள். ஒருமுறை வேளாருக்குப் பொறுமை போய், "ஏ ஆத்தா, பான வாங்க வந்தியா, கச்சேரி கேக்க வந்தியா?" என்றார். அப்பத்தா காதில் போட்டுக்கொள்ளாமல் அடுத்த பானையைத் தூக்கினாள்.

அந்த ஊர்க் கடம் உலகமெல்லாம் போகிறது என்பது எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரியும்.

மெட்டு எங்கே என்று கேட்கிறீர்கள். இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது, மறைப்பானேன். நமக்குப் பாட்டு வேண்டும், பாட்டில் சாகித்தியம் வேண்டும், அதுவும் தெரிந்த சாகித்தியமாக இருந்தால் தேவலை. பாட்டு இல்லாத சத்தமெல்லாம் பக்கவாத்தியம். பந்தியில் இலையோரத்து ஊறுகாய். ஆனால் தட்டின பொருள் பாடுவதற்கு எத்தனை பேர் உட்கார்ந்து உழைத்திருக்கிறார்கள் என்று ஒரு நாளாவது யோசித்ததுண்டா?

ஒரு மரக்கட்டையைத் தட்டினால் ஒரு சுரம் வராது. ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத பல சுரங்கள் ஒரே நேரத்தில் கிளம்பும். அதனால்தான் கதவைத் தட்டினால் டொக் என்கிறது. மரிம்பாக் கட்டை ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள், அடிவயிற்றைக் குடைந்து வளைவாகச் செதுக்கியிருப்பார்கள். மேலே இருந்து பார்த்தால் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி, தட்டிக் கேட்டு, மறுபடி செதுக்கி, கட்டையின் மேல் சுரத்தை அடிச்சுரத்துக்குச் சரியாக இரண்டு ஸ்தாயி மேலே, நாலு மடங்கு அதிர்வில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். (இதே குடும்பத்துச் சைலஃபோனில் மூன்று மடங்குக்கு. அது வெடுக்கென்று பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம்.) ஒரு இழை கூடுதலாகச் சீவிவிட்டால் சுரம் இறங்கிவிடும், போனது போனதுதான். பிறகு கட்டையில் கயிறு கோக்கத் துளை. அதையும் நினைத்த இடத்தில் போட முடியாது. இரண்டு நுனியிலிருந்தும் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான தூரத்தில், கட்டை அடிச்சுரத்தில் ஆடும்போது ஆடாமல் நிற்கிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கேதான் பிடிக்க வேண்டும். இதைப் படித்தபோது எனக்கு அப்பத்தாவின் மூன்று விரல்தான் ஞாபகம் வந்தது.

இப்போது மிருதங்கத்துக்கு வாருங்கள். வெறும் தோலை இழுத்துக் கட்டினால் அதுவும் டொப் என்றுதான் சொல்லும். வலந்தலையின், அதாவது வலது பக்கத் தோலின் நடுவில் கறுப்பாகச் சாதம் என்கிற பசையைப் போடுகிறார்களே, மெல்லிய அடுக்கு அடுக்காக வைத்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து, அதுதான் முரண்டு பிடிக்கும் மேல் சுரங்களை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. 1920இல் சி.வி. ராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் இதைத்தான் எழுதினார். மரத்தைக் குறைத்து அங்கே ஒருவர் சுரம் பிடிக்கிறார், சாதத்தை ஏற்றி இங்கே ஒருவர். இரண்டு பேரும் செய்வது ஒரே வேலை. இதில் 'எம்மாத்திரம்' எங்கிருந்து வந்தது?

அதிலும் அந்த வாத்தியம் 'அவர்களுடையது' என்று நினைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். மரிம்பா என்ற சொல்லே ஆப்பிரிக்காவின் பான்டு மொழிகளைச் சேர்ந்தது. மொசாம்பிக்கில் சோப்பி மக்கள் மரக்கட்டைகளுக்கு அடியில் சுரைக்குடுக்கையைத் தேன்மெழுகால் ஒட்டிக் கட்டிய 'திம்பிலா'வை இன்றும் வாசிக்கிறார்கள். அதற்கு உறவான வாத்தியம் அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களோடு கடல் தாண்டி மத்திய அமெரிக்காவுக்குப் போனது. குவாத்தமாலாவில் இன்றைக்கு அதுதான் தேசிய வாத்தியம். ஒரே மரிம்பாவுக்குப் பின்னால் மூன்று நாலு பேர் வரிசையாக நின்று வாசிப்பார்கள். கட்டைக்கு அடியில் உள்ள பெட்டிகளில் ஒரு சின்னத் துளை, அதன் மேல் பன்றிக் குடலின் சவ்வு, சுற்றிலும் மெழுகு. தட்டினால் சுரத்தோடு ஒரு ரீங்காரம் சேர்ந்து வரும். நம் ஊரில் தம்பூராத் தந்திக்கு அடியில் நூலைச் செருகி ஜீவா பிடிப்பதும் அந்த ரீங்காரத்துக்காகத்தான். நீங்கள் பார்த்த கச்சேரி மரிம்பா அந்தச் சவ்வையெல்லாம் கழற்றிவிட்டு, உலோகக் குழாய் மாட்டிக்கொண்டு கோட்டு சூட்டில் வந்தது. கட்டைக்கு மட்டும் இன்னும் அந்தப் பக்கத்து மரம், ஹோண்டுராஸ் ரோஸ்வுட். நம் தோதகத்திக்குத் தாயாதி.

அபேயைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. எனக்கு வருத்தம். மரிம்பாவின் குறை என்ன? சத்தம் நிற்காது. வயலினில் வில் நகரும்வரை சுரம் இருக்கும், மரத்தில் தட்டிய அடுத்த நொடியே தேய ஆரம்பித்துவிடும், மேல் கட்டைகளில் இன்னும் சீக்கிரம். அதனால் சுரத்தை நீட்ட வேண்டுமானால் அதையே விடாமல் தட்டிக்கொண்டிருக்க வேண்டும், முதல் தட்டு தேய்வதற்குள் அடுத்தது, அது தெரியாதபடி அடுத்தது. கைக்கு இரண்டாக நாலு கோல், ரப்பர் உருண்டைமேல் நூல் சுற்றியது. ஜப்பானில் சிறுமியாக இருந்தபோது, 1950இல் ஒரு அமெரிக்கப் பாதிரியார் கொண்டுவந்த மரிம்பாவைக் கேட்டு அதன் பின்னாலேயே போனவர் அபே. அவர் கேட்டுக் கேட்டுத்தான் யமஹா தன் மரிம்பாவை கீழே கீழே நீட்டிக்கொண்டு போய் 1984இல் ஐந்து ஸ்தாயிக்குக் கொண்டுவந்தது. 'மிச்சி' என்றால் வழி.

ரைஷுக்கு அவ்வளவு சொல்ல வேண்டியதில்லை. 1970இல் கானாவுக்குப் போய் முரசு கற்றுக்கொண்டவர். நீங்கள் கேட்டது 1994இல் எழுதியது, ஐந்து நிமிடம். ஒரு மரிம்பா சொல்வதையே மற்றது ஒன்றிரண்டு தட்டு பிந்திச் சொல்கிறது, அவ்வளவுதான். ஆனால் இரண்டுக்கும் நடுவில், இருவருமே வாசிக்காத ஒரு ராகம்போல ஏதோ காதில் கூடி வரும். மெட்டு எங்கே என்றீர்களே, அங்கேதான் இருந்தது. வீட்டில் இன்னொரு தடவை போட்டுக் கேளுங்கள்.

கேஜின் டப்பா பிடிக்காவிட்டால் குடி முழுகிவிடாது. எனக்கும் பாதிதான் பிடிக்கும். 1941இல் எழுதியது, ஆளுக்கு ஐந்து டப்பா. அவர் குழுவில் தானும் உட்கார்ந்து தட்டிய மனைவி செனியாவுக்குச் சமர்ப்பணம் செய்திருக்கிறார். யாராவது உங்களுக்கு டப்பா சமர்ப்பணம் செய்தால் தெரியும் அதன் அருமை.

பார்டோக் வேறு. 1938 ஜனவரி 16, பாசெல் நகரில் அவரும் மனைவி டிட்டாவும் பியானோவில் உட்கார, இரண்டு தாளக்காரர்களோடு முதலில் வாசித்தது. அந்தச் சுரத்தாளில் ஓரிடத்தில், சிம்பலின் விளிம்பை விரல் நகத்தாலோ பேனாக்கத்தியின் அலகாலோ தட்டு என்று எழுதியிருக்கிறார். பாருங்கள், எவ்வளவு பெரிய வித்வான், நகத்தால் சுண்டு என்கிறார்! அப்பத்தாவும் அவரும் ஒரே வேளார் வாசலில் நின்றிருக்க வேண்டியவர்கள். கடைசியில் பியானோக்கள் அடங்கிப்போக, சிறு முரசும் சிம்பலும் மெல்ல மெல்லத் தேய்ந்து முடித்துவைக்கும். நீங்கள் அதற்குள் கார் சாவியைத் தேடியிருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

ஏதாவது படித்துவிட்டுப் போக வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றும் வேண்டாம். அடுத்த முறை முன்வரிசையில், மேடையைப் பார்த்து வலது பக்கமாக உட்காருங்கள். வாசிக்கிறவர் நம்மைப் பார்த்து நிற்பதால் பெரிய கட்டைகள் அந்தப் பக்கம்தான் இருக்கும். முன்னால் வளைவாக அழகாகத் தொங்கும் குழாய்களைப் பார்த்து ஏமாற வேண்டாம், அந்த நீளத்தில் நிறைய வெறும் அலங்காரம், உள்ளே அடைத்திருக்கும். ஆகக் கீழ்க்கட்டையின் குழாய்க்கு நாலடிக்கு மேல் நீளம் வேண்டும், வாத்தியத்தின் உயரத்துக்குள் அடங்காது. அதை வளைத்தோ பெட்டிபோல அகலமாக்கியோ வைத்திருப்பார்கள். அந்தக் கட்டையைத் தட்டும்போது காலைத் தரையில் நன்றாக ஊன்றிக்கொள்ளுங்கள்.

மிருதங்கம், ஜலதரங்கம் என்று பெருமைப்பட்டீர்கள். ஜலதரங்கம் கடைசியாக எந்த வருஷம் நேரில் கேட்டீர்கள்? தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தை முழுக்க உட்கார்ந்து எப்போது கேட்டீர்கள்? உங்களை மட்டும் குத்திக்காட்டுவானேன். நான் வேலைக்கு வந்த புதிதில், மார்கழியில், மயிலாப்பூரில் ஒரு கச்சேரி. மூன்றாம் வரிசை. பல்லவி முடிந்து தனி ஆரம்பித்ததுதான் தாமதம், மடக்கு நாற்காலிகள் படபடவென்று அடித்துக்கொண்டன. எனக்கும் தாம்பரம் போக வேண்டும், விடுதியில் பத்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். எழுந்தேன். கடம் வாசித்தவர் வயதானவர். கடத்தின் வாயை வெறும் வயிற்றில் அணைத்துக்கொண்டு மிருதங்கம் முடிப்பதற்காகக் காத்திருந்தார். எழுந்தவர்களைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. தன் முறை வந்ததும் கடத்தைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்து, கழுத்துக்குக் கீழே ஒரே ஒரு தட்டு தட்டினார். மயிர் ஓடாத பானை. இடைவழியில் நின்றபடியே எனக்கு அது தெரிந்தது.

போய்விட்டேன். வாசல் ஒலிபெருக்கியில் கொஞ்ச தூரம்வரை கேட்டது. பஸ் நாற்பது நிமிஷம் கழித்துத்தான் வந்தது.