பெண்கள் மேட்ச் ரேஸிங்: டெல்டாவிலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

நாகப்பட்டினத்துக்காரி நான். மூன்று பேர் கொண்ட பெண்கள் அணியில் பாய்மரப் படகு ஓட்டியிருக்கிறேன். மேட்ச் ரேஸிங் பற்றிக் காரைக்காலிலிருந்து கோடியக்கரை வரை பலர் கேட்டிருந்தார்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

அக்கா, மற்ற பாய்மரப் போட்டிக்கும் மேட்ச் ரேஸிங்குக்கும் என்ன வித்தியாசம்? (கல்லூரி மாணவி, மயிலாடுதுறை)

மற்றதில் பத்து, இருபது, ஐம்பது படகுகள் ஒன்றாகக் கிளம்பும். இதில் இரண்டே படகுகள். இரண்டும் ஒரே வகை. போட்டி நடத்துபவர்களே படகு தருவார்கள், அணிகள் அவற்றை மாற்றி மாற்றி ஓட்டும். ஒரு ஓட்டம் பெரும்பாலும் 15, 20 நிமிடத்தில் முடிந்துவிடும். முதலில் எல்லோரும் எல்லோருடனும் மோதுவார்கள், மேலே வருபவர்கள் அரையிறுதிக்குப் போவார்கள்.

இங்கே நேரக் கணக்கு கிடையாது. எதிர்ப்படகு நமக்குப் பின்னால் முடித்தால் போதும். அதனால் சில சமயம் மெதுவாகப் போவதுதான் சரியான முடிவு. முன்னால் இருக்கும் படகு காற்று வரும் பக்கத்தில் நின்றுகொண்டு, தன் பாயால் பின்படகின் காற்றைக் கெடுக்கும். பின்னவள் திரும்பினால் இவளும் திரும்புவாள். வேகத்தை மட்டுமே நம்பிப் பழகியவர்களுக்கு இது பிடிபட நாளாகும்.

போட்டி தொடங்கும் முன்பே இரண்டு படகும் ஒன்றை ஒன்று சுற்றிச் சுற்றி வருகின்றன. அது எதற்கு? (திருவாரூர்)

பாதிப் போட்டி அங்கேதான் நடக்கிறது! தொடக்கத்துக்கு 4 நிமிடம் முன்பு இரண்டு படகும் தொடக்கக் கோட்டின் இரு முனைகளிலிருந்து உள்ளே வரும். இடது முனைப் படகில் நீலக் கொடி, வலது முனைப் படகில் மஞ்சள் கொடி. மஞ்சள் கொடிக்காரி உள்ளே வரும்போது காற்று அவளுக்கு வலப்பக்கத்திலிருந்து அடிக்கும், அதனால் வழி உரிமை அவளுக்கு. நீலக் கொடிக்காரி விலக வேண்டும்.

விலகாமல் தப்பிக்கப் பார்க்கும்போது இரண்டு படகும் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பி, பாய் படபடக்க, பக்கத்தில் பக்கத்தில் அப்படியே நிற்கும். கபடியில் ஏறி வந்தவனும் பிடிப்பவனும் கண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பது போலத்தான். படகு பின்னோக்கி நகரத் தொடங்கினால் சுக்கான் தலைகீழாக வேலை செய்யும். அதற்கென்றே தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டும்.

இத்தனையும் எதற்கென்றால், எதிரி நேரத்துக்கு முன்பே கோட்டைத் தாண்ட வேண்டும், அல்லது தாமதமாக வர வேண்டும், அல்லது விதி மீறித் தண்டனை வாங்க வேண்டும். முன்பே தாண்டியவள் திரும்பி வந்து மறுபடி கிளம்ப வேண்டும். அதற்குள் மற்றவள் போய்விடுவாள்.

தவறை யார் கண்டுபிடிப்பது? கடலில் நடுவர் எங்கே நிற்பார்? (ஓய்வு பெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

நிற்க மாட்டார் ஐயா, மோட்டார் படகில் கூடவே வருவார். வழி மறிக்கப்பட்டதாக நினைக்கும் அணி, சிவப்பும் மஞ்சளும் சாய்கோடுகளாக இருக்கும் 'ஒய்' கொடியைத் தூக்கும். அம்பயர் பச்சை வெள்ளைக் கொடி காட்டினால் தண்டனை இல்லை. நீலமோ மஞ்சளோ காட்டினால் அந்த நிறப் படகுக்குத் தண்டனை, அதாவது கூடுதலாக ஒரு சுற்றுத் திரும்பல்.

அதை உடனே செய்ய வேண்டியதில்லை, முடிவுக் கோட்டுக்கு முன் செய்தால் போதும். இதற்குள் எதிரணியும் ஒரு தண்டனை வாங்கிவிட்டால் இரண்டும் கழிந்துவிடும். அதனால் தண்டனையோடு முன்னால் போகிறவள், பின்னால் வருபவளைத் தவறு செய்ய வைக்கக் கடைசி வரை முயல்வாள். சிவப்புக் கொடியும் சேர்ந்து வந்தால் மட்டும் தாமதிக்கக் கூடாது. தண்டனையைத் தள்ளிப்போடலாம் என்ற இந்த விதிதான் இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது.

தங்கச்சி, என் மகளுக்கு 13 வயசு. காற்று மாறப்போகுதுன்னு எனக்கு முன்னாடி சொல்லிடுவா. ஆனா எங்க ஊர்ல பொம்பளப் பிள்ளைங்களத் தொழில் படகுல ஏத்துற வழக்கம் இல்ல. நம்ம கடல்ல தெரிஞ்சது அங்கே உதவுமா? (மீனவர், நாகப்பட்டினம் பகுதி)

கண்டிப்பாக உதவும் அண்ணே. காலையில் கரையிலிருந்து அடிக்கும் கச்சான், மதியத்துக்கு மேல் கடல் காற்று, இரண்டுக்கும் நடுவே காற்று செத்துக் கிடக்கும் நேரம். இதெல்லாம் உங்கள் மகளுக்குப் பாடம் படிக்காமலே தெரிகிறது. தண்ணீரில் கருமையாக ஒரு திட்டு நகர்ந்து வந்தால் அங்கே காற்று கூடுதல் என்பதை நகரத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவே நாளாகும்.

வழக்கத்தைப் பற்றி என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். மீனை ஏலம் எடுப்பதும், காயவைப்பதும், கூடை சுமந்து விற்பதும் நம் பெண்கள். படகு மட்டும் அவர்களுக்கு இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா, கோழிக்கோட்டின் தில்னா என்ற இரண்டு கடற்படை அதிகாரிகள் 'தாரிணி' பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி, 2025 மே மாதம் திரும்பினார்கள். படகில் அவர்கள் இருவர் மட்டும்தான். சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் பாய்மரம் ஓட்டினார்.

மகள் முதலில் நீச்சலில் தேர வேண்டும், அப்புறம் விதிகள். 'ஆப்டிமிஸ்ட்' என்ற சிறு படகில் 15 வயது வரைதான் போட்டியிட முடியும், ஆகவே தள்ளிப்போட வேண்டாம். சென்னைத் துறைமுகத்தில் 1911 முதல் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். பள்ளியில் என்சிசி கடற்படைப் பிரிவு இருந்தால் அதிலும் சேர்த்துவிடுங்கள்.

மேட்டூர் திறந்து தண்ணீர் வந்ததும் கொள்ளிடத்தில் பழகலாமா? (திருவையாறு)

வேண்டாம் தம்பி. வெள்ளம் வந்தால் கொள்ளிடத்தில்தான் திருப்பி விடுவார்கள். இழுப்பு அதிகம், மணல் அள்ளிய பள்ளங்கள் கண்ணுக்குத் தெரியாது. கரை மரங்கள் காற்றை உடைத்துவிடும், குறுக்கே போகும் மின்கம்பியில் பாய்மரம் பட்டால் உயிருக்கே ஆபத்து. முத்துப்பேட்டைக் காயலும் சரிப்படாது. ஆழம் குறைவு, போட்டிப் படகின் அடிக்கட்டை தரை தட்டும். அது வனத்துறையின் அலையாத்திக் காடு வேறு.

கடல்தான் சரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் இருக்கும், நெரிசல் குறைவு. ஆனால் நாட்டுப் படகுகள் வலை விட்டிருக்கும், பார்த்து ஓட்ட வேண்டும். பாதுகாப்புப் படகு ஒன்று கூடவே வராமல் பயிற்சிக்கு இறங்கக் கூடாது.

படகு வாங்க எவ்வளவு ஆகும்? (காரைக்கால்)

வாங்க வேண்டாம், போட்டியில் அவர்களே தருவார்கள். சேதம் செய்தால் கழித்துக்கொள்ள முன்பணம் கட்டச் சொல்வார்கள். அதையும் பயணச் செலவையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இது ஒலிம்பிக்கில் உண்டா?

பெண்கள் மேட்ச் ரேஸிங் 2012 லண்டனில் மட்டும் இருந்தது. ஓட்டம் தென் இங்கிலாந்தின் வேமத் கடலில், மூன்று பேர் ஓட்டும் எலியட் 6 மீட்டர் படகில். இறுதியில் ஸ்பெயின் ஆஸ்திரேலியாவை 3-2 என்று வென்றது. அதோடு எடுத்துவிட்டார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. ஆனால் ஆட்டம் நிற்கவில்லை. 2024-இல் பார்சிலோனாவில் முதன்முதலாக நடந்த பெண்கள் 'அமெரிக்காஸ் கப்' பாய்மரப் போட்டியின் இறுதியும் இரு படகு மோதல்தான். இத்தாலியின் லூனா ரோசா அணி பிரிட்டன் அணியை வென்றது.

படகில் மூன்று பேரும் பேசிக்கொண்டே இருப்பீர்களா? (வேதாரண்யம்)

பேசுவோம், ஆனால் அவரவர் வேலையை மட்டும். அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், இருப்பவள் காற்றையும் மீதி நொடிகளையும் சொல்வாள், பாய் பிடிப்பவள் வேகத்தைச் சொல்வாள், படகை நடத்தும் தலைவியான ஸ்கிப்பர் கண்ணை எதிர்ப்படகிலிருந்து எடுக்க மாட்டாள். எதிரணி சில அடி தூரத்தில் இருப்பதால் நாம் பேசுவது அவர்கள் காதில் விழும். வெளிநாட்டு அணியோடு மோதும்போது நாங்கள் தமிழிலேயே பேசிக்கொள்வோம். எதிரியைப் பார்த்து "ஸ்டார்போர்ட்!" என்று கூவுவது மட்டும் ஆங்கிலத்தில். 'எனக்கு வலப்பக்கக் காற்று, வழி விடு' என்று மோதலைத் தவிர்க்கும் எச்சரிக்கை அது, எல்லோருக்கும் புரிய வேண்டும்.