மூன்றாம் ஆண்டின் முடிவில்: பட்டமா, பேஸ்பாலா?

கேள்வி: ஐயா, அமெரிக்காவில் பள்ளி முடித்த மாணவரை மேஜர் லீக் (பேஸ்பாலின் உச்ச நிலை லீக்) அணி ஒன்று டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எடுத்த பிறகும், அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமல் கல்லூரிக்குப் போனால் இழப்பு உண்டா?

பதில்: நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்தவரை, மூன்றாம் ஆண்டை முடிக்கும்வரை அல்லது அவருக்கு 21 வயது ஆகும்வரை எந்த அணியும் மீண்டும் எடுக்க முடியாது, இடையில் பந்து வீசும் கை பழுதானால் வந்த வாய்ப்பு போனதுதான். கை தாங்கியவருக்கோ காத்திருப்பு பலன் தரலாம். பந்து வீச்சாளர் கெரிட் கோலை 2008இல் யாங்கீஸ் அணி முதல் சுற்றிலேயே எடுத்தது. அவரோ மறுத்துவிட்டு யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 2011இல் டிராஃப்டின் முதல் ஆளாக பைரேட்ஸ் அணிக்குப் போனபோது கையெழுத்திட்டதற்காக அவர் பெற்ற தொகை, அதாவது போனஸ், 80 லட்சம் டாலர்.

கேள்வி: மூன்றாண்டு படித்தவர் இன்னும் ஓராண்டு இருந்து பட்டத்தோடு போகலாமே?

பதில்: பெற்றோர் பலரும் கேட்பது இதைத்தான். "தொகை போதாது, கல்லூரிக்கே திரும்பிவிடுகிறேன்" என்று மாணவர் சொல்லக்கூடிய காலம் பெரும்பாலும் மூன்றாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. நான்காம் ஆண்டை முடித்தவருக்குத் திரும்பிப் போக இடமில்லை என்பது அணிக்குத் தெரியும். ஆகவே அவரைக் குறைந்த தொகைக்கு எடுத்து, போனஸுக்கான பணத்தில் மிச்சமாவதை வேறொரு இளைஞருக்குக் கொடுக்கிறது. பந்து வீச்சாளர் மார்க் அப்பெல் விதிவிலக்கு: 2012இல் பைரேட்ஸ் தர முன்வந்த 38 லட்சம் டாலரை மறுத்து ஸ்டான்ஃபோர்டுக்குத் திரும்பியவர், மறு ஆண்டே முதல் ஆளாக ஆஸ்ட்ரோஸ் அணியில் 63.5 லட்சம் டாலருக்குக் கையெழுத்திட்டார். ஆனாலும் மேஜர் லீக் ஆட்டத்தில் அவர் முதன்முதலாகப் பந்து வீசியது 2022இல், 30 வயதில்தான்.

கேள்வி: விட்ட படிப்புக்கு அணி பணம் தருமா?

பதில்: தரும், ஆனால் கையெழுத்திடும்போதே அது ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். எத்தனை கல்விப் பருவங்கள் (செமஸ்டர்), பருவத்துக்கு எவ்வளவு தொகை என்ற இரண்டு எண்களையும் பார்க்காமல் பேனாவை எடுக்காதீர்கள். ஆட்டத்தை விட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் வகுப்பில் சேர வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. தவறினால் அந்தப் பணம் கிடைக்காது.

கேள்வி: போனஸ் சிறியதாக இருந்தால் மைனர் லீக் (மேஜர் லீக்குக்குக் கீழுள்ள நிலைகள்) சம்பளத்தில் வாழ முடியுமா?

பதில்: சிக்கனமாக வாழலாம். 2023 ஒப்பந்தத்தின்படி அந்த ஆண்டில் லோ-ஏ என்ற கீழ்நிலையில் ஆண்டுக்கு 26,200 டாலர், டிரிபிள்-ஏ என்ற மேல்நிலையில் 35,800 டாலர் என்பது குறைந்தபட்சச் சம்பளமாக இருந்தது. அதில் கல்லூரிக் கட்டணத்துக்கு மிச்சம் பிடிக்க முடியாது. சிறிய போனஸ் வாங்குபவர் படிப்புத் தொகையை விடாப்பிடியாகக் கேட்க வேண்டியது இதனால்தான்.