தலையில் அடிபட்டபின் களைப்பும் நித்திரையும்: கேள்வி பதில்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்: மகனுக்கு 12 வயது. இன்று பின்னேரம் கிரிக்கெட் விளையாடும்போது விழுந்து தலையில் அடி. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இலேசான மூளையதிர்ச்சி, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்றார்கள். நித்திரை கொள்ளவே விடக்கூடாது என்று மாமி சொல்கிறா. உண்மையா?

வைத்தியர் சோதித்து அனுப்பியிருந்தால் நித்திரை கொள்ளட்டும் அக்கா. அதுதான் இப்போது அவருக்கு மருந்து. மாமியின் பயத்திலும் நியாயம் உண்டு: நித்திரையில் ஆள் மோசமாவது வெளியே தெரியாது. இரவில் எழுப்பிப் பார்க்கச் சொல்லியிருந்தால் மட்டும் சொன்ன நேரத்துக்கு எழுப்புங்கள்; வழமைபோல் முனகித் திட்டிவிட்டுத் திரும்பிப் படுத்தால் பிரச்சினையில்லை. எழுப்ப முடியாமல் போவது, திரும்பத் திரும்பச் சத்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் சோர்வு, ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாவது, மூக்காலோ காதாலோ தெளிந்த நீர் வடிவது: இதில் ஒன்று கண்டாலும் விடியும்வரை பார்க்காமல் 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள்.

கொள்ளுப்பிட்டியில் வேலை செய்பவர்: மோட்டார் சைக்கிளால் விழுந்து மூன்று கிழமை. சீ.டி. ஸ்கானில் ஒன்றுமில்லை. ஆனால் காலை 11 மணிக்கே மூளை நின்றுவிடுகிறது. சனி ஞாயிறு முழுக்கப் படுத்தும் போகவில்லை.

ஸ்கான் காட்டுவது இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும்தான் தம்பி. உங்களுக்கு நடந்தது அதில் தெரியாது. அடிபட்டதும் மூளைக் கலங்களின் உப்புச் சமநிலை குலைகிறது. அதைச் சரிசெய்யக் கலங்களுக்குச் சக்தி கூடத் தேவை, அதே நேரம் இரத்த ஓட்டமோ குறைந்திருக்கும். வளர்ந்தவர்கள் பலர் இரண்டு கிழமையளவில் தேறிவிடுவார்கள். சிலருக்கு இழுபடும்.

சனி ஞாயிறு படுத்துக் கிடப்பதுதான் பிழை. வீட்டோடு இருந்து ஓய்வெடுப்பது முதல் 24, 48 மணித்தியாலத்துக்கு மட்டும். அதற்குப் பிறகும் படுத்தால் உடம்பு தளரும், இரவு நித்திரையும் கெடும்.

நாலு நாளைக்கு ஒரு கொப்பியில் குறியுங்கள்: என்ன வேலை, எத்தனை நிமிடத்தில் தலை பாரமாகத் தொடங்கியது. 40 நிமிடத்தில் தொடங்கினால் 25 அல்லது 30இல் நிறுத்திவிடுங்கள், களைத்தபின் அல்ல. பிறகு 10 நிமிட இடைவேளை. அந்தப் பத்து நிமிடமும் போனைப் பார்த்தால் அது இடைவேளையில்லை. யன்னலால் தூரத்தைப் பாருங்கள், கண்ணை மூடியிருங்கள். கணக்குப் போன்ற கடினமான வேலையைக் காலையில் வையுங்கள், கூட்டங்களை ஒரே நாளில் அடுக்க வேண்டாம்.

எவ்வளவு கூடலாம்? தொந்தரவுக்கு 0 முதல் 10 வரை புள்ளி போடுங்கள். வேலை தொடங்கமுன் இருந்ததைவிட 2 புள்ளிவரை கூடி, ஒரு மணித்தியாலத்துக்குள் அடங்கினால் பரவாயில்லை. அதைத் தாண்டினால் அளவைக் குறையுங்கள், வேலையையே விட வேண்டாம்.

காலி வீதி பஸ்ஸும் ஒரு வேலைதான். ஹோர்ன், குலுக்கம், கூட்டம் எல்லாவற்றையும் மூளை சமாளிக்க வேண்டும். முன் சீட்டில் இருந்து நேரே பாருங்கள். முடிந்தால் ஒரு மணித்தியாலம் முந்திப் போய் முந்தி வாருங்கள். காலை ஆறரைக்குக் கடற்கரைப் பக்கம் 15, 20 நிமிடம் நடந்தால் நல்லது.

நீங்கள் கவனிக்க வேண்டியது நல்லாயிருக்கிற நாளை. அன்றைக்கு விட்ட வேலையெல்லாம் இழுத்துப் போட்டுச் செய்து அடுத்த இரண்டு நாள் விழுவதைத்தான் பலரிடம் காண்கிறோம்.

கொட்டாஞ்சேனை வாசகி: பகலில் மூன்று மணித்தியாலம் படுக்கிறேன். இரவு இரண்டு மணிவரை முழிப்பு.

இரவை விடுங்கள் தங்கச்சி, காலையைப் பிடியுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தாலும் 6 மணிக்கு எழும்பி வெளிச்சத்தில் நில்லுங்கள். முதல் சில நாளைக்குப் பகல் நித்திரை பரவாயில்லை; அதற்குப் பிறகு 3 மணிக்கு முன், அலாரம் வைத்து 20 முதல் 30 நிமிடம். பின்னேரப் பிளேன்டீ வேண்டாம். தேயிலையிலும் கஃபீன் உண்டு, பாதி வெளியேறவே ஐந்து மணித்தியாலம் போல் எடுக்கும். படுத்து 20 நிமிடமளவில் நித்திரை வராவிட்டால் (மணிக்கூட்டைப் பார்க்காமல், குத்துமதிப்பாக) எழும்பி மங்கிய வெளிச்சத்தில் கதிரையில் இருங்கள், கண் சொருகினால் திரும்பப் படுங்கள்.

அதே வாசகி: தடிமன் குளிசை போட்டால் நித்திரை வருகிறதே?

வரும், அடுத்த நாள் மந்தமும் சேர்ந்து வரும். ஏற்கனவே மந்தமான தலைக்கு அது வேண்டாம். மதுவும் அப்படித்தான். பெனடோலைக்கூட மாதத்தில் 15 நாள் என்று மாதக்கணக்கில் போட்டால் அதுவே தலையிடி தரும்.

தெஹிவளையிலிருந்து: அப்பாவுக்கு 71, வார்ஃபரின் எடுக்கிறார். ஒரு மாதத்துக்கு முன் குளியலறையில் விழுந்தார். அப்போது ஒன்றுமில்லை, இப்போது எந்நேரமும் நித்திரை.

இது களைப்புக் கணக்கில் வராது. வயதானவர்களுக்கு, அதுவும் இரத்தம் உறையாமல் மருந்து எடுப்பவர்களுக்கு, மண்டைக்குள் மெல்லக் கசியும் இரத்தம் கிழமைகள் கழித்தும் இப்படிக் காட்டும். இன்றைக்கே, இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வார்ஃபரின் எடுப்பதை வாசலிலேயே சொல்லுங்கள், கிளினிக் புத்தகத்தையும் கொண்டுபோங்கள்.

முச்சக்கரவண்டி ஓட்டுநர்: எப்போது திரும்ப ஓட்டலாம்?

தலைச்சுற்றும் பகல் நித்திரையும் இருக்கும்வரை வேண்டாம் அண்ணா. வைத்தியர் சரி என்ற பிறகும், முதலில் இன்னொருவர் ஓட்ட அரை மணித்தியாலம் பின்னால் இருந்து பாருங்கள். பிறகு சட்டென்று தலையை இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். சுற்றினால் இன்னும் நாள் இருக்கிறது. சுற்றாவிட்டால் ஞாயிறு காலை, வெறும் வீதியில், ஆள் ஏற்றாமல் ஒரு மணித்தியாலம். இரவு ஹயர் கடைசியில்தான்.