அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது?

கேள்வி: எனக்கு வயது 41. கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் உற்பத்திப் பிரிவு மேலாளராக இருக்கிறேன். மனைவி வங்கியில் பணிபுரிகிறார். ஏழாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் படிக்கும் இரண்டு பிள்ளைகள். என் அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார். சில ஆண்டுகளாக மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டி வருகிறேன். வரும் மார்ச் மாதம் தென்னாப்பிரிக்காவில் நடக்கவிருக்கும் கேப் எபிக் என்ற மலைச் சைக்கிள் பந்தயத்துக்கு நானும் நண்பர் ஒருவரும் ஜோடியாகப் பதிவு செய்திருக்கிறோம். எட்டு நாட்கள், 600 கிலோமீட்டருக்கு மேல். அதற்காக வாரம் 12 மணி நேரம் பயிற்சி செய்கிறேன்: வார நாட்களில் அதிகாலை நாலரை மணிக்கு வீட்டிலேயே, சைக்கிளை நின்ற இடத்தில் மிதிக்க உதவும் ட்ரெய்னரில், சனி ஞாயிறுகளில் கோத்தகிரி, குன்னூர் பக்கம். நீண்ட தூரம் போகும் நாட்களில் கிளம்பும் முன் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள்வேன், அவ்வளவுதான். குடி, சீட்டு என்று எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது. சம்பளத்தை அப்படியே வீட்டில் கொடுத்துவிடுகிறேன். பந்தயச் செலவு முழுவதும் என் போனஸிலிருந்து. ஆனாலும் மனைவிக்கு இதில் துளியும் ஈடுபாடு இல்லை. எத்தனை கிலோமீட்டர் ஓட்டினேன் என்றுகூடக் கேட்பதில்லை. அவர் வீணாகப் பதறுவார் என்பதால் பதிவுப் படிவத்தில் அவசரத் தொடர்புக்கு என் ஜோடி நண்பரின் எண்ணையே கொடுத்துவிட்டேன். ஜூன் மாதம் எஸ்டேட் பாதையில் விழுந்து காறை எலும்பில் விரிசல் விட்டபோதுகூட, தொழிற்சாலைப் படியில் வழுக்கியதாகத்தான் அவரிடம் சொன்னேன். அவர் என்னைப் புரிந்துகொண்டு ஊக்கம் தர நான் என்ன செய்ய வேண்டும்?

பெயர் வேண்டாம், கோவை.

பதில்:

கோவை வாசகருக்கு,

உங்கள் கடிதத்தின் சாயலில் எனக்கு ஆண்டு முழுவதும் கடிதங்கள் வருகின்றன. மாரத்தான் ஓடுபவர்கள் எழுதுகிறார்கள். 40 மணி நேரத்துக்குள் 600 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து முடிக்கும் பிரெவே என்ற நெடுந்தூர ஓட்டத்தின் பிரியர்கள் எழுதுகிறார்கள். மாதத்தில் பாதி நாள் கேமராவும் கையுமாகக் காட்டுக்குள் இருப்பவர்கள் எழுதுகிறார்கள். எல்லோர் கடிதத்திலும் ‘எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது’ என்ற வரி தவறாமல் இருக்கிறது. குடிக்காமல் இருப்பதற்கும் சம்பளத்தை வீட்டில் கொடுப்பதற்கும் மனைவியிடம் பாராட்டுப் பத்திரம் எதிர்பார்க்கும் ஆண்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. ஆகவே, நாற்பது வயதில் ஒரு மனிதருக்குத் தனக்கென்று ஓர் ஆசை இருக்கக் கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் போகப் போவதில்லை. இருக்கலாம். எட்டு நாளில் சுமார் 15,000 மீட்டர் ஏற்றம் என்றால், மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குப் பத்து முறை ஏறுவதற்குச் சமம்; அதுவும் தார்ச் சாலையில் அல்லாமல், உருளும் கல்லிலும் மணலிலும், அந்நாட்டுக் கோடையின் கடைசி வெயிலில். வேலைக்கும் போய்க்கொண்டு அதற்காக உடம்பைத் தயார் செய்வது சாதாரண காரியமல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப்போன ஒரு வரி. அவசரத் தொடர்புக்கு நண்பரின் எண்ணைக் கொடுத்திருக்கிறீர்கள். எந்த நண்பர்? உங்களோடு ஜோடியாக ஓட்டப்போகிற அதே நண்பர்.

இதை எழுதும்போது ஒரு நிமிடம் யோசித்தீர்களா? அந்தப் பந்தயத்தின் விதி உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இருவர் கொண்ட அணியில் ஒருவர் மற்றவரை விட்டு இரண்டு நிமிடத் தொலைவுக்கு மேல் விலகக் கூடாது. விலகினால் நேரத் தண்டனை உண்டு. அப்படியென்றால் நீங்கள் விழும் இடத்துக்குப் பக்கத்திலேயேதான் அவரும் நிற்பார், அல்லது உங்களோடு சேர்ந்தே விழுந்து கிடப்பார். ஏற்பாட்டாளர்கள் படிவத்தைப் பார்த்து அந்த எண்ணை அழைத்தால், மணி அடிக்கப்போவது அதே பள்ளத்தாக்கில் அவருடைய முதுகுப் பையிலோ, முகாமில் ஆளில்லாத கூடாரத்துக்குள்ளோதான். தகவல் யாருக்கும் போய்ச் சேராதபடி இதைவிடக் கச்சிதமாக ஒரு ஏற்பாட்டைச் செய்ய முடியாது. தொழிற்சாலையில் உங்கள் கீழ் வேலை பார்க்கும் ஒருவர் தீயணைப்புக் கருவியை பாய்லருக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தால் அவருக்கு மெமோ கொடுத்திருப்பீர்கள்.

சரி, நண்பரின் கைக்கு அழைப்பு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் நினைவில்லாமல் ஏதோ ஒரு மருத்துவமனையில் கிடக்கிறீர்கள். பணியில் இருக்கும் மருத்துவர் கேட்பார்: இவருக்கு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா? சர்க்கரை, ரத்த அழுத்தம் உண்டா? முன்பு அறுவை சிகிச்சை ஏதேனும்? தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? நண்பர் என்ன சொல்வார்? உங்கள் எஃப்டிபி (ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்து மிதிக்கும் திறன்) எத்தனை வாட், ஏற்றத்தில் இதயத் துடிப்பு எவ்வளவு, டயரில் எத்தனை பிஎஸ்ஐ காற்று வைப்பீர்கள் என்று ஒப்பிப்பார். சிறு வயதில் எந்த ஊசி போட்டு உங்களுக்கு உடம்பெல்லாம் தடித்தது என்பது உங்கள் அம்மாவுக்குத் தெரியும். உங்கள் அம்மாவிடமிருந்து கேட்டு உங்கள் மனைவிக்குத் தெரிந்திருக்கும். அந்த இரண்டு பேரும் கோவையில் காலைச் சமையல் முடித்து, ஒருவர் வங்கிக்குப் போயிருப்பார், மற்றவர் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருப்பார். அங்கே காலை ஏழு மணி என்றால் இங்கே பத்தரை.

நண்பரின் நிலையையும் பாருங்கள். அணியில் ஒருவர் விலகினால் மற்றவர் தொடர்ந்து ஓட்டலாம், அணியாக முடித்த கணக்கில் மட்டும் வராது என்பது அங்கே உள்ள நடைமுறை. அவரும் உங்களைப் போலவே மாதக்கணக்கில் நாலரை மணிக்கு எழுந்தவர். அவருக்கும் செலவு ஆகியிருக்கிறது. மறுநாள் காலை உங்கள் படுக்கை ஓரத்தில் உட்கார்வதா, மீதி நாட்களை ஓட்டி முடிப்பதா என்ற முடிவை அவர் தலையில் நீங்கள் கட்டியிருக்கிறீர்கள். அதோடு, உங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் அந்தச் செய்தியைச் சொல்லும் பொறுப்பையும். ‘படியில் வழுக்கி விழுந்தவர்’ என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம் அவர் எங்கிருந்து தொடங்குவார்?

இன்னொன்று கேட்கிறேன். பயணக் காப்பீடு எடுத்திருப்பீர்கள். (எடுத்த பாலிசியில் பந்தயங்களும் சாகச விளையாட்டுகளும் அடங்குமா என்று பாருங்கள், சாதாரணப் பயணப் பாலிசிகள் பலவற்றில் அவை விலக்கப்பட்டிருக்கும்.) அதில் நாமினி யார்? நிச்சயமாக மனைவி பெயரைத்தான் போட்டிருப்பீர்கள். ஆக, நீங்கள் செத்தால் பணம் வாங்கிக்கொள்ள அவர் வேண்டும். விழுந்தால் செய்தி கேட்க அவர் வேண்டாம். இந்தக் கணக்கை எந்த வங்கி ஊழியர் ஏற்றுக்கொள்வார்?

‘வீணாகப் பதறுவார்’ என்கிறீர்கள். கணவனின் எலும்பில் விரிசல் விட்டால் மனைவி பதறுவதில் வீண் என்ன இருக்கிறது? அந்தப் பதற்றம் அவருடைய உரிமை. நான் பழைய காலத்து ஆள். கல்யாணம் என்பதை நல்ல செய்தியை எல்லோரோடும் சேர்ந்து கேட்பதற்கும் கெட்ட செய்தியை முதல் ஆளாகக் கேட்பதற்கும் செய்துகொள்ளும் ஒப்பந்தமாகவே பார்க்கிறேன். அந்த முதல் இடத்தை அவரிடமிருந்து எடுத்து, மாதத்தில் எட்டு நாள் உங்களோடு தேநீர் குடிக்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டீர்கள். பிறகு, அவருக்கு ஈடுபாடு இல்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

ஈடுபாடு இல்லாதவர் என்ற உங்கள் தீர்ப்பையும் நான் நம்பவில்லை. ஜூன் மாதத்தில் நீங்கள் விழுந்தது எஸ்டேட் பாதையில். அன்று அணிந்திருந்த ஜெர்சி தோளருகே கிழிந்திருக்கும். கிழிசலைச் சுற்றி நீலகிரிச் சிவப்பு மண் அப்பியிருக்கும். கையைக் கழுத்திலிருந்து தொங்கும் பட்டையில் மாட்டிக்கொண்டு அந்த ஜெர்சியை நீங்கள் துவைத்திருக்க முடியாது. துவைத்தவர் யார்? தொழிற்சாலைப் படியில் சைக்கிள் ஜெர்சியோடு யாரும் வழுக்கி விழுவதில்லை என்பதும், கோவைத் தொழிற்சாலைப் படிக்கட்டில் மலை மண் ஒட்டாது என்பதும் வங்கிக் கணக்கைப் பைசா வரை சரிபார்க்கும் ஒரு பெண்ணுக்குத் தெரியாதா? சைக்கிளில் கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி எறியப்படுகிறவர்களுக்கு அடிக்கடி முறிவது காறை எலும்புதான் என்பதை அவர் எங்கேயாவது படித்துக்கூட இருப்பார். என் ஊகம் இது: அவருக்கு அன்றே தெரியும். நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தார், நீங்கள் சொல்லவில்லை. அதன்பிறகு உங்களிடம் கிலோமீட்டர் கணக்குக் கேட்க அவருக்கு வாய் வருமா? கேட்டால் உண்மையான பதில்தான் வரும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

வலி மாத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘அவ்வளவுதான்’ என்று முடித்துவிட்டீர்கள். ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு, உடம்பில் நீர் வற்றும்படி மணிக்கணக்கில் வெயிலில் உழைத்தால் சிறுநீரகம் அடி வாங்கும். நீண்ட தூரப் பந்தயங்களில் மருத்துவர்கள் இதைத்தான் மறுபடி மறுபடி எச்சரிக்கிறார்கள். ஒருநாள் ஓட்டத்தில் தப்பித்துவிடலாம். தொடர்ந்து எட்டு நாட்கள் என்பது வேறு. எதற்காக அந்த மாத்திரை தேவைப்படுகிறது என்பதை ஓர் எலும்பு மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். விரிசல் விட்ட எலும்பு சரியாகக் கூடியிருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். தனியாகப் போக வேண்டாம். மனைவியை அழைத்துக்கொண்டு போங்கள். எப்படி அடிபட்டது என்று மருத்துவர் கேட்கும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.

அதற்கு முந்திய நாள் இரவே நீங்கள் வாய் திறந்திருக்க வேண்டும். மருத்துவர் அறையில் வைத்துத்தான் அவர் உண்மையைக் கேட்க வேண்டும் என்ற நிலையை உண்டாக்கினால் அது இரண்டாவது அவமானம். பிள்ளைகள் தூங்கிய பிறகு, எஸ்டேட் பாதையில் எந்த வளைவில், எப்படி விழுந்தீர்கள், யார் தூக்கினார்கள், எந்த மருத்துவமனைக்குப் போனீர்கள் என்று முதலிலிருந்து சொல்லுங்கள். எக்ஸ்ரே படத்தை எங்கே ஒளித்து வைத்திருந்தாலும் எடுத்து மேசையில் வையுங்கள். ‘நீ பதறுவாய் என்றுதான்’ என்று ஆரம்பிக்காதீர்கள்; அது செய்த பொய்க்கான பழியை அவர் மீதே திருப்பிப் போடுவதாகும். ‘நீ போக வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன்’ என்று சொல்லுங்கள், உள்ளது அதுதான் என்பதால். அவர் அழுதால் அழட்டும். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். பதிலுக்கு குடியையும் சீட்டையும் இழுக்காதீர்கள்.

அடுத்து, ஏற்பாட்டாளர்களுக்கு எழுதி, அவசரத் தொடர்பில் மனைவியின் பெயரையும் எண்ணையும் போடச் சொல்லுங்கள். உங்கள் ரத்த வகை, ஒவ்வாமை, பழைய எலும்பு விரிசல், மாத்திரை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஒரு படி அவரிடமும் ஒரு படி நண்பரிடமும் இருக்கட்டும். காப்பீட்டு ஆவணம் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும். தினமும் எத்தனை மணிக்குப் புறப்பாடு, எத்தனை மணிக்குள் வந்து சேர வேண்டும், எப்போதுவரை அழைப்பு வராவிட்டாலும் கவலைப்பட வேண்டியதில்லை என்பதை இந்திய நேரத்தில் எழுதிக் கொடுங்கள். நேரம் தெரியாமல் காத்திருப்பதுதான் மனிதர்களைப் பதற வைக்கிறது.

சனி ஞாயிறு விஷயத்தில் நான் கறாராகவே சொல்கிறேன். நீங்கள் குன்னூர் ஏற்றத்தில் இருக்கும்போது உங்கள் அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப்போவதும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதும், மளிகை வாங்குவதும் வாரம் முழுவதும் வேலை பார்த்துக் களைத்த உங்கள் மனைவி. அம்மா உங்களுடையவர். அவரைப் பார்த்துக்கொள்வது முதலில் உங்கள் கடமை. இரண்டு நாளில் ஒரு நாள் முழுவதையும் வீட்டுக்குத் திருப்பிக் கொடுங்கள். வாரம் 12 மணி நேரம் 10 மணி நேரமானால் நீங்கள் பட்டியலில் சில இடங்கள் பின்னால் முடிப்பீர்கள். பரிசுக்காக ஓட்டுகிறவர்கள் வேறு ஆட்கள். உங்களுக்கு நேர வரம்புக்குள் முடித்தால் போதும்.

இவ்வளவும் கேட்டபிறகு ‘இந்த ஆண்டு போக வேண்டாம்’ என்று அவர் சொன்னால்? போகாதீர்கள். கட்டிய பணம் போனால் போகட்டும். நண்பரிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லி, அவருக்கு ஏற்பட்ட நஷ்டத்தை ஈடு செய்யுங்கள். கேப் எபிக் 2004-இலிருந்து நடந்து வருகிறது. பெருந்தொற்றால் 2020-இல் ரத்தாகி, 2021-இல் அக்டோபருக்குத் தள்ளிப்போனதைத் தவிர ஒவ்வொரு ஆண்டும், பெரும்பாலும் மார்ச்சில், அது நடந்திருக்கிறது. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அதில் ஒரு பிரிவும், ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இன்னொரு பிரிவும் வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு இப்போதுதான் 41.