ராலி பந்தயத்துக்கு ஓட்டும் பழைய பத்மினி காரின் பின்பக்க ஸ்பிரிங்கில் பட்டை கூட்டலாமா?

கூட்டலாம். ஆனால் இருக்கும் ஸ்பிரிங்கை, அதாவது வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிய கட்டைக் கழற்றிக் கழுவி, அளந்து பார்த்த பிறகு. நான் இதைத் தலைகீழாகச் செய்து ஓராண்டை வீணடித்தவன்.

என் பத்மினி கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டு வாசலில் நிற்கிறது. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் காடுகளுக்கு நடுவே செம்மண் பாதையில் ஓட்டிப் பழகும்போது, ஒவ்வொரு பள்ளத்திலும் பின்பக்கம் ‘டம்’மென்று இடித்தது. லாரிப் பட்டறை ஒன்றில் இரண்டு பட்டை சேர்த்துக் கொடுத்தார்கள். இடிப்பது நின்றது. ஆனால் மேடுபள்ளமான வளைவில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் பின்சக்கரங்கள் தவளை போலத் தத்தின. பட்டறைக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. பத்து டன் சுமக்கும் வண்டிகளைப் பார்த்துப் பழகிய கை அது.

தப்பு எண்ணிக்கையில் இல்லை, கனத்தில். ஒரே நீளம், ஒரே அகலம் என்றால் பட்டையின் விறைப்பு, கனத்தை மூன்று முறை எழுதிப் பெருக்கிய கணக்கில் ஏறும். 6 மிமீ பட்டையை விட 8 மிமீ பட்டை 2.37 மடங்கு விறைப்பு. எனக்குப் போட்டது 8 மிமீ. இரண்டு சேர்த்ததும் கிட்டத்தட்ட ஐந்து பட்டை கூடியது போல ஆகிவிட்டது.

கட்டைப் பிரித்தபோது இன்னொன்று தெரிந்தது. தேவனாம்பட்டினத்து உப்புக் காற்று பட்டைகளுக்கு நடுவே துருவை அப்பளம் அப்பளமாக அடுக்கி வைத்திருந்தது. துருப் பிடித்த கட்டு அசையாது. அதை விறைப்பு என்று நம்பிவிடுவோம். பழைய பட்டைகளோ வளைவு இழந்து தட்டையாகிக் கிடந்தன. முதலில் இடித்ததற்குக் காரணமே அதுதான். துருவைத் தேய்த்து எடுத்து, வளைவு அடித்து, கிரீஸ் தடவி, கூட்டிய பட்டைகள் இல்லாமல் பூட்டினேன்.

பிறகுதான் அளந்தேன். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடியுங்கள். டயர் நசுங்குவது கணக்கில் வராது. பின் ஆக்சிலுக்கு நேர் மேலே 50 கிலோ அரிசி மூட்டை இரண்டை வையுங்கள். டிக்கியில் வைத்தால் நெம்புகோல் போல அதிகமாக அழுத்தும். மூட்டை வைக்கும் முன்பும் வைத்த பின்பும் வண்டியைக் கையால் இரண்டு முறை ஆட்டிவிட்டு அளந்து, மூட்டையை இறக்கியும் ஒரு முறை அளந்து, இறங்கிய அளவுக்கும் ஏறிய அளவுக்கும் சராசரி எடுங்கள். பட்டைகளின் உராய்வு அப்படித்தான் கழியும். எனக்கு 40 மிமீ இறங்கியது. அதாவது இரண்டு ஸ்பிரிங்குக்கும் சேர்த்து விறைப்பு மிமீக்கு 2.5 கிலோ.

அடுத்தது எடை மேடை. ஆள், பெட்ரோல், ஸ்டெப்னி எல்லாம் வைத்துப் பின்சக்கரங்களை மட்டும் ஏற்றியதில் 450 கிலோ. ஆக்சில், சக்கரங்களுக்கு 100 கழித்தால் ஸ்பிரிங் சுமப்பது 350. அதை 2.5 ஆல் வகுத்தால் அந்தச் சுமைக்கு ஸ்பிரிங் அமுங்கும் அளவு, 140 மிமீ. அதன் வர்க்கமூலத்தால் 946 என்ற மாறாத எண்ணை வகுத்தால் வண்டி நிமிடத்திற்கு எத்தனை முறை ஆடும் என்பது கிடைக்கும்: 80. குடும்பத்தோடு கோயிலுக்குப் போக இது சுகம், செம்மண்ணுக்குப் போதாது. நான் 95 என்று வைத்துக்கொண்டேன். அதற்கு மிமீக்கு 3.5 கிலோ வேண்டும். கடைசியில் கூட்டியது அதே இரண்டு பட்டைதான், 6 மிமீ கனத்தில்!

அதற்கு மேல் ஏற்றாதீர்கள். மண் பாதையில் பிடிமானம் போய்விடும். சக்கரம் தத்துவதற்கு ஆக்சில் முறுக்கிக்கொள்வதும் ஒரு காரணம். ஸ்பிரிங்கின் முன் பாதியில் மட்டும் கூடுதல் கிளாம்ப் போட்டால் அது பெருமளவு அடங்குகிறது. ஸ்பிரிங் விறைத்தால் ஷாக் அப்சார்பரும் அதற்கேற்ப மாற வேண்டும். அதற்கும் பணம் ஒதுக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பூட்டும்போது ஸ்பிரிங் முனைகளில் உள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை, வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக் கிழியும். முதல் நூறு கிலோமீட்டர் ஓடியதும், ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டுகளுக்கு இன்னொரு முறை ஸ்பேனர் போடுங்கள்.