காட்பாடியில் மனை, லண்டனில் வீடு: வாரிசுகளுக்கு வரி எங்கே?

இந்தியாவில் 1985-லேயே வாரிசு வரி ஒழிந்துவிட்டது. ஆகவே காட்பாடி மனைக்கு இங்கே வரி இல்லை. சிக்கல் பிரிட்டன் பக்கம்தான். 2025 ஏப்ரல் 6 முதல், கடந்த 20 வரி ஆண்டுகளில் 10 ஆண்டு அங்கே வசித்தவரின் உலகச் சொத்து முழுதும் கணக்கில் வரும். பொதுவாக 3,25,000 பவுண்டுக்கு மேல் 40 சதவீதம்.

ஆனால் 1956-ல் இரு நாடுகளும் போட்ட ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருக்கிறது. இறக்கும்போது உங்கள் சட்டப்படியான நிரந்தர வாழிடம் இந்தியாவாக இருந்து, மனை பிரிட்டன் சட்டப்படி எழுதிய உயில் வழியாகப் போகாமல் இருந்தால், அதன்மேல் பிரிட்டன் கைவைக்காது. வெறும் பாஸ்போர்ட் இதைத் தீர்மானிக்காது. வேலூருக்கே திரும்பும் எண்ணத்துக்குச் சான்று சேர்த்து வையுங்கள். உயிரோடிருக்கும்போது தரும் தானத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

எனவே மனைக்கு மட்டும் இந்தியச் சட்டப்படி தனி உயில், இரண்டு சாட்சிகளுடன். முத்திரைத்தாள் தேவையில்லை; பதிவு கட்டாயமில்லை, செய்துவிடுவது நல்லது. பலர் கோட்டைவிடும் இடம் இது: பிறகு லண்டனில் எழுதும் உயிலில் “முந்தைய உயில்கள் அனைத்தும் ரத்து” என்ற வரி வந்தால் வேலூர் உயிலும் செத்துவிடும். “பிரிட்டன் சொத்துக்கு மட்டும்” என்று எழுதச் சொல்லுங்கள்.

பிரிட்டன் வரியை, இறந்த மாதம் முடிந்து ஆறு மாதத்துக்குள் கட்டவேண்டும். மனையை விற்றுக் கட்டலாம் என்று நம்பியிருக்காதீர்கள். பட்டா மாற்றமே இழுத்துவிடும்.